பூச்சரத்தின் இரு முனைகள்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டு என் பிராணனை வாங்காதீர்கள், ஓர் அரசர் இருந்தார். அவருடைய விகடகவி சிற்றம்பலத்துக்கு அரசரைச் சிரிக்க வைத்துச் சிரிக்க வைத்தே அலுத்துவிட்டது. மலையடிவாரத்தில் வாழ்ந்த அவர் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று விடுப்புக் கேட்டு நின்றார்.

அவர்மீது எப்போதும் பொறாமையில் வெந்துகொண்டிருக்கும் அமைச்சர் கலியமூர்த்தியார் முந்திக்கொண்டார்.

“அரசே, நாளை விழாவுக்கு மண்டபத்தில் பூச்சரம் தொங்கவிடப்போகிறோம். அது எப்படித் தொங்கும் என்பதை இவர் இன்றே சுவரில் கோடாக வரையட்டும். சரமும் கோடும் இம்மி பிசகாமல் பொருந்தினால் புறப்படட்டும். பிசகினால் இந்த ஆண்டு விடுப்பே கிடையாது.”

அரசருக்கு இந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. “அப்படியே ஆகட்டும்!” என்றார்.

“முனைகளை எங்கே கட்டுவதாக உத்தேசம், ஐயா?” என்று கேட்டார் சிற்றம்பலம்.

“சரத்தின் நீளம் தெரியும், கனம் தெரியும். அறிவாளிக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?” என்று அமைச்சர் இளித்தார். கோடு எங்கே விழுந்தாலும் சரத்தை வேறிடத்தில் கட்டிக் கவிழ்த்துவிடலாம் என்பது அவர் திட்டம்.

சிற்றம்பலம் பெருமூச்சு விட்டார். தினம் ஒரு பொறி, தினம் ஒரு தப்பித்தல். மனிதனுக்குச் சலிக்காதா? சரத்தை வாங்கிவந்தார். சுவரில் கைக்கு எட்டிய இரண்டு ஆணிகளில் மாட்டினார். அது தொங்கியபடியே கரித்துண்டால் கோடு இழுத்தார். அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அரசர் முன்னிலையில் அதே ஆணிகளில் சரத்தை மாட்டினார். கோட்டின்மேல் அச்சாக உட்கார்ந்தது.

“மோசடி!” என்று அமைச்சர் குதித்தார். “அங்கே யார் கட்டச் சொன்னது? தூண்களின் உச்சியில் அல்லவா கட்டவேண்டும்!”

“அதை நேற்றே சொல்லியிருக்கலாமே, ஐயா. முனைகளை நெருக்கிக் கட்டினால் ஆழமாகத் தொங்கும், விலக்கிக் கட்டினால் மேலே ஏறிக்கொள்ளும். சரம் ஒன்றுதான், கோடு ஆயிரம். முனைகளைச் சொன்னால்தான் ஆயிரத்தில் ஒன்று நிலைக்கும். தாங்கள் சொல்லவில்லை, நான் எட்டிய இடத்தில் வைத்துக்கொண்டேன். இந்த வயதில் ஏணி ஏற என்னால் முடியாது.”

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேரப்பிள்ளைக்கென்று ஒரு பொற்சங்கிலியும், பயணத்துக்கு இரட்டை மாட்டு வண்டியும் கொடுத்து, “போய் வா” என்றார். சிற்றம்பலம் கும்பிட்டுவிட்டு மறுபேச்சில்லாமல் நடையைக் கட்டினார்.

சற்றுநேரம் கழித்துத்தான் அமைச்சருக்கு உறைத்தது. “அரசே, எந்த நாளுக்குள் திரும்பவேண்டும் என்று தாங்கள் சொல்லவே இல்லையே!”

அரசர் திகைத்தார். பிறகு முன்னைவிடப் பலமாகச் சிரித்தார். வண்டி அதற்குள் கோட்டை வாசலைத் தாண்டிவிட்டது.