பரங்கிக்காய்க்கு அப்பா யார்?

புத்தியைப் பங்கு போட்ட நாளில் கொஞ்சம் பிந்தி வந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஏலகிரி மலையில் அந்தக் கோடையில் அப்படி மூன்று பேர் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

மலைமேல் கோடை முகாம் நடத்தும் டைட்டஸ் சார், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பதினேழு வயதுக்காரர்களைத் தயார் செய்துகொண்டிருந்தார். பயிற்சிக்கு வந்தது யோகேஷ், ஷாகிரா, இன்பராஜ் மூவர்தான். இதில் யோகேஷுக்குத்தான் இந்த வேலை கட்டாயம் கிடைத்தாக வேண்டும். தேறாவிட்டால் லீவு முழுக்க மாமாவின் உரக்கடையில் மூட்டை தூக்க வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் சார் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாது என்று பாவம், சபதமே எடுத்திருந்தான்.

முகாமுக்குப் பிள்ளைகள் மறுநாள்தான் வருவார்கள். எனவே சார் சமையல்கட்டிலிருந்து மூன்று பரங்கிக்காய்களைக் கொண்டுவந்து ஆளுக்கொன்று கொடுத்தார். சாயங்காலம் வரை இதுதான் உன் பிள்ளை, பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் வேலை உண்டு என்றார்.

பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பேச வேண்டும் என்பது முதல் பாடம். மூவரும் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு பெயர் கேட்டார்கள். பதில் வரவில்லை. புது இடம், கூச்சமாக இருக்கும் என்றாள் ஷாகிரா.

பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது அடுத்த பாடம். மத்தியானம் யோகேஷ் காயையே பார்த்தபடி ரசம் சாதத்தைக் காதுக்கு ஊட்டிக்கொண்டான். இன்பராஜ் காயைப் பார்த்தபடியே ஷாகிராவின் தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் பசிக்கிறது என்றான். அவன் தட்டு பக்கத்தில் தொடாமல் கிடந்தது.

சாப்பிட்டதும் பிள்ளைகளைக் கொஞ்சம் தண்ணீரில் விளையாட விடலாம் என்று குளத்துக்குத் தூக்கிப் போனார்கள். யோகேஷின் பிள்ளை மிதந்து மிதந்து நடுக்குளத்துக்கே போய்விட்டது. யோகேஷுக்கு உரமூட்டைகள் கண்ணெதிரே அடுக்கடுக்காக நின்றன. தண்ணீரில் போகும் பிள்ளையைப் பதறாமல் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது சாரின் கட்டளை.

"பேர்தான் தெரியாதே," என்றான் இன்பராஜ்.

"ஏதாவது ஒரு பேர் இருக்கத்தானே செய்யும்? எல்லாப் பேரையும் கூப்பிடுவோம்," என்றாள் ஷாகிரா.

யோகேஷ் தன் வகுப்புப் பையன்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக் கூப்பிட்டான். "தினகரன்" என்று கூப்பிட்டபோது காற்று திரும்பியது. காய் ஆடி அசைந்து கரைக்கு வந்து சேர்ந்தது. யோகேஷ் அதைத் துண்டால் துவட்டி, தினகரன் என்று மற்ற இரண்டு காய்களுக்கும் அறிமுகம் செய்துவைத்தான்.

சாயங்காலம் சார் வந்து காய்களைத் திருப்பிக் கேட்டார். யோகேஷ் தினகரனை இறுகக் கட்டிக்கொண்டான். பெற்றவர்களைத் தவிர யாரிடமும் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது என்று காலையில் சொன்னதும் இதே சார்தான். கொடுக்காவிட்டால் வேலை கிடையாது என்று இப்போது சொல்வதும் இதே சார்தான். மூவரும் ஓரமாக ஒதுங்கி ஆலோசித்தார்கள்.

"சார் நல்லவருதான். ஆனா அப்பா இல்லையே," என்றாள் ஷாகிரா.

"கேட்டுப் பாத்தமா? கேக்காமலே எப்படி இல்லேன்னு சொல்றது?" என்றான் இன்பராஜ்.

நியாயம்தான். யோகேஷ் திரும்பிப் போய்ப் பணிவாக நின்றான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தினகரனோட அப்பாவா?"

சார் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சாம்பாருக்குப் பருப்பு வெந்துவிட்டது, காய் எங்கே என்று சமையல்கார கனகம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். விடிந்தால் பிள்ளைகள் வந்து இறங்கிவிடுவார்கள், வேலைக்கு வேறு ஆளும் இல்லை.

"ஆமாப்பா. நான்தான் அப்பா. மூணுக்கும் நான்தான். மூணு பேருக்கும் வேலை உண்டு, போதுமா?"

"அதான் மூணும் ஒரே ஜாடை," என்று ஷாகிரா தலையாட்டினாள்.

உரக்கடை ஒழிந்தது. யோகேஷுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. ஆனாலும் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே.

"பையன் தங்கமானவன் சார். ஆனா காலைலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

சார் தினகரனை வாங்கி நேரே கனகம்மாவிடம் கொடுத்தார். அவள் அரிவாள்மனையில் வைத்து ஒரே அழுத்தில் இரண்டாகப் பிளந்தாள்.

மூவரும் சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தார்கள். யோகேஷ் மற்ற இருவரையும் மெல்ல இந்தப் பக்கம் இழுத்தான்.

"இப்பப் புரியுதா? இந்த வீட்ல பொறந்தா எவன்தான் வாயத் தொறப்பான்?"