கொதித்த சிவப்பு

பானை கொதித்துவிட்டது. கொதிக்கவே கூடாது.

ஆட்டு முடிக்குச் சாயம் ஏற்றும்போது தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் நிற்க வேண்டும். அதற்கு மேல் போய்க் குமிழி கிளம்பினால் முடி சுருண்டு விறைத்துப்போகும். இது அமலதாசுக்குத் தெரியும். தெரிந்துதான் அடுப்பின் திருகைத் திருப்பினான். பானை அவனுடையது இல்லை. யூஜினுடையது.

பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு பேரும், ஊரே அண்ணி முறையில் மைனி என்று கூப்பிடும் கிளாடிஸிடம் தூண்டில் கட்டப் பழகினார்கள். ஈயத் தலை வைத்த முள்ளில், சாயம் ஏற்றிய முடியை நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். தண்ணீருக்குள் அது குஞ்சு மீன் மாதிரி துடிக்கும். சீலா மீன் ஏமாந்து கடிக்கும்.

அமலதாஸ் முன்னால் சங்கு குளித்தவன். பெண்டாட்டி அழுததால் அதை விட்டுவிட்டு இங்கே வந்தான். யூஜின் அவனுக்குப் பின்னால் வந்தவன், வயதிலும் இளையவன். ஆனால் யூஜின் ஏற்றுகிற சிவப்பை மீன் ஏலக்கூடத்தில் ஆளாளுக்குக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அமலதாசின் சிவப்பு செங்கல் நிறத்தில் வந்தது. யாரும் கையை நீட்டவில்லை.

நாளைக் காலையில் படகுக்காரர் தொம்மை வருவார். இரண்டு பேருடையதையும் பார்ப்பார். ஒருவனுடையதைத்தான் எடுப்பார். அவர் எடுத்ததைத்தான் மற்றப் படகுகளும் எடுக்கும். இன்னொருவன் இந்தப் பருவம் முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான்.

மைனி உள்ளே வந்தார். அடுப்பை அணைத்தார். கரண்டியால் முடியைத் தூக்கிப் பார்த்தார்.

நூல்கண்டு வாங்கப் போயிருந்த யூஜின் திரும்பி வந்தான். பானையைப் பார்த்ததும் தலையில் கை வைத்தான்.

"ஐயையோ! சின்னத் தீயிலதானே வச்சிட்டுப் போனேன்?"

கரண்டியை எடுத்துக் கிளறிப் பார்த்தான்.

"இல்ல, நான்தான் சரியாப் பாக்கல போலிருக்கு. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

"கவனம் வேணும்லே," என்றான் அமலதாஸ்.

மைனி அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உட்கார்ந்து இரண்டு தூண்டில் கட்டினார். ஒன்றில் கொதித்த முடி. இன்னொன்றில் அமலதாசின் முடி.

"அமலதாஸ், வள்ளத்தை எடு."

அவன் கிளம்பும்போது தன் மிச்ச முடியைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டான். யூஜின் இருக்கிற இடத்தில் அதை விட்டுப் போக மனசு வரவில்லை. தான் செய்ததை அடுத்தவனும் செய்வான் என்ற பயம்.

வள்ளம் கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்.

"மைனி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"காதர் பாய் கறிக்கடையில வெள்ளைக் கிடா வால் ஒண்ணுதான் கெடச்சுது. பாதி அவனுக்கு, பாதி எனக்கு. ஒரே வினிகர், ஒரே சாயப்பொடி. அவனுக்கு மட்டும் எப்படி அப்படிச் செவக்குது?"

"முடியைக் கழுவினியா?"

"கழுவினேன். பூந்திக்கொட்டை போட்டு."

"கழுவிட்டு மோந்து பாத்தியா?"

அவன் துடுப்பைப் பார்த்தான்.

"ஆட்டு வாடை இருந்தா கொழுப்பு இருக்கு. கொழுப்பு இருந்தா சாயம் ஏறாது. அவன் மோந்து பாக்கான். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அதுல உனக்கு வருத்தமா?"

வருத்தம்தான். பெரிய ரகசியம் ஏதாவது இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

ஆழமான இடத்தில் மைனி நங்கூரம் போடச் சொன்னார். இரண்டு தூண்டிலையும் அவன் கையில் கொடுத்தார். வெயிலில் யூஜினுடையது மிளகாய்ப்பழம் மாதிரி தகதகத்தது. கொதியில் சாயம் இன்னும் நன்றாக இறங்கியிருந்தது. கெடுத்தும் கெடவில்லை.

"அடிக்குப் போய் ரெண்டையும் பாரு. எது யாருதுன்னு வந்து சொல்லு."

"இங்கேயே தெரியுதே மைனி."

"அங்கே போய்ப் பாரு."

கைலியை அவிழ்த்து மடித்து வைத்தான். முடிச் சுருளை அதற்குள் பத்திரமாகச் செருகினான். செருகிவிட்டு மைனியைத் திரும்பிப் பார்த்தான்.

"பயப்படாதே," என்றார் மைனி. "நான் கொதிக்க வைக்க மாட்டேன்."

அவன் பாரத்துக்கு ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டான்.

நேரம் எடுத்துத்தான் மேலே வந்தான். வள்ளத்து விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கினான்.

"சொல்லு."

"ரெண்டும் கறுப்பு."

"அப்புறம்?"

"ஒண்ணு ஆடுது. ஒண்ணு தொடப்பக்கட்டை மாதிரி விறைச்சு நிக்குது."

"எது ஆடுது?"

"என்னது."

சொல்லும்போதே சிரிப்பு வந்தது. அவன் மறைக்கவில்லை. மைனி சிரிக்கவில்லை.

"சங்கு குளிக்கையில கை கிழிஞ்சா, கீழே ரத்தம் என்ன நெறம்?"

"கறுப்பு."

"அப்ப உனக்கு இது முந்தியே தெரியும்."

"தெரியும். ஆனா கரையில எல்லாரும் அவன் செவப்பைத்தானே பாக்குறாங்க?"

"கரையில எந்த மீன் கடிக்குது?"

அமலதாஸ் வள்ளத்தில் ஏறிக் கைலியைக் கட்டினான். முடிச் சுருள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். இருந்தது.

"நீ செவப்பைக் கெடுக்கப் போனே," என்றார் மைனி. "செவப்பு அப்படியே இருக்கு. ஆட்டம்தான் போச்சு."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"கரைக்குப் போனதும் உன் முடியில பாதியை அவனுக்குக் கொடு."

"நான்தான் செஞ்சேன்னு சொல்ல வேண்டாமா?"

"முடியைக் கொடு. வார்த்தை பின்னால தானா வரும்."

கரைக்கு வந்தார்கள். யூஜின் வாசலில் உட்கார்ந்து, கொதித்த முடியைப் பழைய சீப்பால் வாரிக்கொண்டிருந்தான். வாரும்போதே அது ஒடிந்தது.

"அண்ணே, இது தேறாது," என்றான். "தொம்மை அண்ணன் நெறத்தைப் பாத்து இதை எடுத்தாலும் எடுத்துருவார். ஒரு மீன் மாட்டாது. பாவம், ஆளுக கடலுக்குப் போயிட்டு வெறுங்கையோட வருவாங்க. வேண்டாம், உங்க தூண்டிலையே எடுக்கச் சொல்லிருதேன்."

அமலதாஸ் நின்றான்.

"உங்க முடி மிச்சம் இருக்காண்ணே? ஒரே ஒரு தூண்டிலுக்கு ஆகும்னா போதும். அப்படியே போட்டிக்குப் போன மாதிரியாவது இருக்கும்."

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவன் விரலெல்லாம் சிவப்பு. தண்ணீருக்கு வெளியே, வெயிலில், அது நல்ல சிவப்பு.

மைனி வள்ளத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்த பிறகும் நிமிராமல் அங்கேயே நின்றார்.

அமலதாஸ் மடியில் கை வைத்தான். ஈரக் கைலியில் முடிச் சுருள் உடம்போடு ஒட்டியிருந்தது.

மடியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான்.