கடிகாரத்தைத் திருத்தியவர்

"டீச்சர், நான் கிளம்புதேன்" என்றார் கோமதிநாயகம்.

ஜெசிந்தா டீச்சர் நிமிரவில்லை. பிரித்துப் போட்ட கணினி ஒன்றின்மேல் குனிந்திருந்தாள். வாயில் ஒரு திருகாணி. கணினி ரிப்பேர் சொல்லித்தருவதில் அவள்தான் குரு. சீடரைவிட ரொம்ப இளையவள்.

"எங்க, டீக்கா?"

"வீட்டுக்கு. இனி வரமாட்டேன். ஐம்பதுக்கு மேல இதெல்லாம் நமக்கு ஏறாது."

அவள் திருகாணியைக் கையில் துப்பினாள்.

"உங்க லேப்டாப் என்ன சொல்லுது?"

"அது எங்க சொல்லுது! தூங்க வச்சா தூங்குது. எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்கு. திரை கறுப்பா நிக்கி. அழுத்திப் பிடிச்சு அணைச்சு, மறுபடி போட வேண்டியிருக்கு. இன்ன இடத்துல வலிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கலாம்லா?"

"தூங்க வைக்க முன்னால அடிக்கச் சொல்லி ஒரு கட்டளை வரி கொடுத்தேனே?"

"அடிச்சேன். அதுல இருந்துதான் இன்னொரு சனியனும் சேர்ந்துக்கிட்டு. கடிகாரம் கெட்டுப்போச்சு."

டீச்சர் நாற்காலியோடு திரும்பினாள்.

"எப்படி?"

"அணைச்சுப் போடும்போதெல்லாம் ஒரு கிறுக்குத் தேதி. நான் விடுவனா? சுவிட்சைப் போட்ட கையோட, முதல்ல வருமே அந்த செட்டிங்ஸ் நீலத் திரை, அதுக்குப் போவேன். தேதி, மணி எல்லாத்தையும் சுத்தமா திருத்திட்டுத்தான் உள்ளயே நுழைவேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒரு தடவைகூட விட்டதில்ல."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முதுகு நிமிர்ந்தது.

டீச்சர் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள்.

"சிரிங்க, சிரிங்க. நான் போறேன்."

"ஒரே ஒரு தடவை தூங்க வச்சுட்டுப் போங்க, அண்ணாச்சி."

வரியை அடித்தார். தூங்க வைத்தார். எழுப்பினார்.

எழவில்லை.

அணைத்துப் போட்டார். நீலத் திரைக்குப் போனார். தேதி இருந்த இடத்தில் 2071, பிப்ரவரி.

அவர் விரல் தானாக அங்கே போயிற்று. டீச்சர் ஸ்கேலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"தப்பா இருக்குல்லா!"

"இருக்கட்டும். பாதித் தூக்கத்துல நிக்கும்போது இதுக்குப் பேச வாய் இருக்கா?"

"திரையே வரலையே."

"எழுதி வைக்க இடம் இருக்கா?"

யோசித்தார். "டிஸ்க்கும் தூங்கிக்கிட்டுத்தான் கிடக்கும்."

"அப்போ அங்க முழிச்சிருக்கது யாரு?"

கோமதிநாயகம் நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடிகாரம்" என்றார். "அதுக்குத் தனி பேட்டரி."

"ஒவ்வொரு உறுப்பா எழுப்பும்போது, இப்ப யாரை எழுப்புதேன்னு கடிகாரத்துலதான் ஒரு குறி போடுது. அந்த வரி அதுக்குத்தான். எங்க மாட்டிக்கிச்சோ, அந்தக் குறிதான் கிறுக்குத் தேதியா அப்படியே நிக்கும்."

"அதை நான்..."

"சுத்தமா திருத்திட்டீங்க."



"முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா தலையாட்டியிருப்பீங்க."

லேப்டாப் முழுதாக எழுந்து வந்ததும் டீச்சர் இன்னொரு வரி அடித்தாள். அந்தக் குறிக்குரிய பெயர் வந்து நின்றது: கேமரா.

கேமராவை முடக்கினாள். "மறுபடி" என்று சொல்லிவிட்டுத் தன் திருகாணிகளுக்குத் திரும்பிவிட்டாள்.

வரி. தூக்கம். தட்டினார்.

திரை கறுப்பாகவே நின்றது.

அணைத்துப் போட்டார். நீலத் திரை வந்தது. கோமதிநாயகம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.

"டீச்சர், ஓடியாங்க! இப்ப வேற தேதி!"