மாரிக்கனி படத்துக்கு பிரேம் போட்ட கதை

காலை என் மேல போடாத தேனு. சித்திக்கு இடுப்பு விட்டுப்போச்சு, நாள் பூரா நின்னுட்டு வந்திருக்கேன். தள்ளிப் படு. ஆங், அப்படித்தான். கதை வேணும்னா குறுக்க கேள்வி கேக்கக்கூடாது, "ம்" மட்டும் கொட்டணும். நீ நிறுத்துனா நானும் நிறுத்திருவேன். எனக்கும் அதுதான் நல்லது.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மாரிக்கனி இருந்தா. சிவகாசிப் பக்கம், எந்தத் தெருவுல திரும்புனாலும் அச்சாபீஸ் சத்தம் கேக்குற ஊரு. டக்கடக்கா, டக்கடக்கான்னு. மாரிக்கனிக்குக் காலண்டர் கம்பெனில வேலை. அச்சடிச்சு வர்ற சாமி படத்துக்கு மேல தகரப் பட்டை வச்சு அடிக்கணும். டப்பு, டப்பு, டப்பு. காலைல உக்காந்தா சாயங்காலம் எந்திரிக்கறப்ப முதுகு நிமிராது. வீட்டுக்கு வந்தா சோத்துத் தட்டு முன்னாடியே கண்ணு சொருகும். என்னை மாதிரின்னு வையேன்.

"ம்."

அவளுக்கு ஒரு அம்மா, பேரு குருவம்மா. ஒரு அக்காவும் இருந்தா, சொர்ணம். அவளும் அதே கம்பெனிதான், தாள் எண்ணி அடுக்குற வேலை. ஒரு நாள் கம்பெனிக்கு ஒரு ஓவியர் வந்தாரு, அடுத்த வருஷக் காலண்டருக்கு லட்சுமி வரையறதுக்கு. வந்தவரு சொர்ணத்தைப் பாத்தாரு. அவ தலை நிமிரல, தாளை எண்ணிக்கிட்டே இருந்தா. அவரும் பாத்துட்டுப் போயிட்டாரு. அப்புறம் பாத்தா, படம் அச்சாகி வருது, தாமரை மேல லட்சுமி நிக்குறா, மூஞ்சி அச்சு அசல் சொர்ணம்! வாய்க்குக் கீழ, நாடியில இருக்குற மச்சத்தைக் கூட விடல மனுசன். கம்பெனியே சிரிச்சுது. "அடியே, சாமிக்கு எங்கயாவது மச்சம் இருக்குமா"ன்னு சொர்ணம் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. அந்த வருஷம் ஊருக்குள்ள அத்தனை வீட்டுலயும் சொர்ணந்தான் செவத்துல தொங்குனா.

"நிஜமாவா?"

கேள்வி கேக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல.

"ம்."

அப்போ அந்த வருஷம் முடியறதுக்குள்ள சொர்ணத்துக்கு மஞ்சக் காமாலை வந்துச்சு. வேர் அரைச்சுக் குடுத்தாங்க, ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனாங்க. பொழைக்கல. போயிட்டா. கண்ணு, அப்படி ஆகும் சில நேரம். கையைக் குடு, பயப்படாத.

அப்புறம் தை வந்துச்சு. எல்லா வீட்டுலயும் பழைய காலண்டரைக் கழட்டிட்டு புதுசு மாட்டிட்டாங்க. கம்பெனில அச்சுத் தகட்டையும் அழிச்சாச்சு. ஓவியர் எந்த ஊருக்குப் போனாரோ தெரியாது. சொர்ணத்துக்கு போட்டோன்னு ஒண்ணு கிடையாது, இப்ப மாதிரி அப்ப ஆளுக்கொரு செல்போனா இருந்துச்சு? அவ மூஞ்சின்னு இந்த உலகத்துல மிச்சம் இருந்தது மாரிக்கனி வீட்டுச் செவத்துல இருந்த அந்த ஒரு படம்தான். மேல ஆணி, கீழ மூலை மடங்கி, காத்தடிச்சா படபடன்னு அடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. இதுவும் கிழிஞ்சுபோச்சுன்னா அக்கா இருந்ததுக்கு அடையாளமே இல்லையேன்னு மாரிக்கனி படத்தை ஆணியில இருந்து கழட்டுனா.

கண்ணாடிக் கடைக்கு ஓடுனா. கடைக்கார அண்ணாச்சி படத்தை அளந்து பாத்து ஒரு விலை சொன்னாரு. மாரிக்கனி படத்தைச் சுருட்டி எடுத்துக்கிட்டு "அப்புறம் வர்றேன் அண்ணாச்சி"ன்னு வந்துட்டா. அப்புறம் வர்றேன்னா வர மாட்டேன்னு அர்த்தம். அவருக்கும் தெரியும்.

"ம்."

சரி, நாமளே பண்ணிருவோம்னு இறங்குனா. மைதாவைக் கொதிக்க வச்சு, கொழகொழன்னு பசை காச்சி, படம் பூரா பின்னால தடவி, ஒரு அட்டையில சப்புன்னு ஒட்டுனா. பாக்கப் பலகை மாதிரி நல்லா விறைப்பா இருந்துச்சு. நிம்மதியாத் தூங்குனா. அப்புறம் என்னாச்சு? மைதான்னா யாருக்குப் பிடிக்கும்? சரசர, சரசரன்னு ஒரு சத்தம். கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் குடும்பத்தோட விருந்துக்கு வந்துருச்சு. படத்தைத் திருப்பிப் பாத்தா அட்டை ஓரமெல்லாம் அரிச்சுப் போச்சு, சேலைக் கரையில ஓட்டை. மூஞ்சிக்கு இன்னும் வரல. மாரிக்கனி லேசா ஈரத்துணி வச்சு வச்சு, அட்டையைப் பின்பக்கமா ஏடு ஏடா உரிச்சா. வேலைக்குப் போயிட்டு வந்து தினம் கொஞ்சம். கழுத்து வலி பிராணன் போச்சு. ஆனா படம் தனியா வந்துருச்சு. இனிமே படத்து மேல பசையே தடவக்கூடாதுன்னு காதைப் பிடிச்சுக்கிட்டா.

"ம்."

அப்போ கண்ணாடி இல்லாம ஆகாதுன்னு தோணுச்சு. கண்ணாடிக்கும் பிரேமுக்கும் எங்க போக? அந்த ஊர்ல சாமி படம் உடைஞ்சா, கிழிஞ்சா, குப்பையில போட மாட்டாங்க, பாவம் வந்துரும். கோயில் அரசமரத்தடியில கொண்டு போய் சாத்தி வச்சிருவாங்க. மரத்தைச் சுத்தி எப்பப் பாத்தாலும் வீடில்லாத சாமிங்க வரிசையா உக்காந்திருக்கும். மாரிக்கனி போய் ஒவ்வொண்ணா அளந்து பாத்தா. ஒரு பிரேம் சரியா இருந்துச்சு. உள்ள இருந்த படத்தைக் கறையான் தின்னுட்டு மயில் தோகையை மட்டும் மிச்சம் வச்சிருந்துச்சு.

பக்கத்து வீட்டுச் செவனம்மா பாத்துட்டா. "ஏத்தா மாரிக்கனி, கோயில்ல விட்டதை வீட்டுக்குக் கொண்டு போகாதடி, குடும்பத்துக்கு ஆகாது"ன்னா.

"சாமிய நான் எங்க கொண்டு போறேன்? சாமி இங்கயேதான் இருக்காரு. பிரேமு மட்டும் வருது"ன்னா இவ. "எங்க வீட்டுக்கு இனிமே ஆகாம போறதுக்கு என்னக்கா இருக்கு?"

மாரிக்கனி மயில் தோகையை மரத்தடியில வச்சு, பறக்காம இருக்க ஒரு கல்லைத் தூக்கி வச்சுட்டு, கும்பிட்டுட்டு வந்தா. பிரேமைக் கழுவி, வெயில்ல காயவச்சு, படத்தைக் கண்ணாடியோட சேத்து வச்சு பின்னால ஆணி அடிச்சா. டொக், டொக். ஆஹா, கடையில போட்ட மாதிரியே இருந்துச்சு.

அப்புறம் ஐப்பசி மழை பிடிச்சுது. சோ-ன்னு ஊத்துச்சு. ஓட்டு வீடு, செவரெல்லாம் வேர்த்து வழிஞ்சுது. கண்ணாடிக்குள்ளயும் வேர்த்திருச்சு. மழை விட்டதும் பாத்தா, லட்சுமியோட ஒரு கை கண்ணாடியில ஒட்டிக் கெடக்கு! அவசரப்பட்டு இழுத்துட்டா. பிசுக்குன்னு ஒரு சத்தம். கை போயிருச்சு. காசு கொட்டுற கை, அது போனா போகட்டும்னு விடலாம். அதே மாதிரி கன்னம் ஒட்டியிருந்தா? அன்னைக்கு மாரிக்கனி உக்காந்து அழுதா. அக்கா செத்தன்னைக்குக் கூட அவ்வளவு அழல, அன்னைக்கு அம்மாவைப் பிடிச்சு நிக்க ஆள் வேணும்னு இவ நின்னுட்டா.

தேனு? தூங்கிட்டியா?

"ம்."

தூங்கல. சரி, என் தலையெழுத்து.

அப்போ அவளுக்கு ஒரு யோசனை வந்துச்சு. படமும் கண்ணாடியும் தொட்டுக்கவே கூடாது, நடுவுல காத்து போகணும். கம்பெனியில தினசரிக் காலண்டருக்கு வெட்டுற கெட்டி அட்டையில துண்டு துண்டா மிச்சம் விழும். கேட்டு வாங்கிட்டு வந்தா. நாலு பக்கமும் விளிம்புல மட்டும் அட்டைப் பட்டை வச்சு, அதுக்குப் பின்னால படத்தை வச்சா. படத்துக்குப் பசை இல்லை. மேல மட்டும் ரெண்டு காது மாதிரி சின்னக் காகிதம் ஒட்டி, சட்டை தொங்குற மாதிரி தொங்கவிட்டா. பின்னால சுத்தமான வெள்ளைத் தாள், அதுக்குப் பின்னால அட்டை. கடைசியா முதுகுப்பக்கம் பழுப்புத் தாளை ஒட்டி மூடுனா. அதுக்குக் காச்சுன பசையில மயில்துத்தம் கொஞ்சம் கலந்தா, அது பூச்சிக்கு விஷம். அப்புறம் வெயில் விழாத செவராப் பாத்து, அடுப்புப் புகை வராத மூலையாப் பாத்து மாட்டுனா. இதுக்கு மேல ஒரு மனுசி என்னதான் பண்ணுவா?

"ம்."

ஆனா கொஞ்ச நாள்ல படத்தோட அடியில ஒரு பழுப்புக் கோடு வந்துச்சு. தாமரையில ஆரம்பிச்சுது. அப்புறம் பாதத்துக்கு ஏறுச்சு. ஓடு ஒழுகுதோன்னு மேல ஏறிப் பாத்தா, இல்ல. செவத்து ஈரமோன்னு வேற செவத்துக்கு மாத்துனா, இல்ல. கோடு பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கு. முழங்காலு, இடுப்பு, கழுத்துச் சங்கிலி. அடுத்தது நாடி. மாரிக்கனிக்கு வேலையில கை ஓடல. சுத்தியல் தகரத்துல விழாம விரல்ல விழுந்துச்சு.

அப்போ ஒரு வெள்ளிக்கிழமை, தாள் லாரி வரலைன்னு கம்பெனில மதியமே அனுப்பிட்டாங்க. வீட்டுக்குள்ள நுழைஞ்சா, குருவம்மா படத்து முன்னாடி நிக்குறா. ஈரத்துணியால கண்ணாடியைச் சொதசொதன்னு துடைச்சா. சந்தனத்தைத் தண்ணியாக் கரைச்சு நெத்தியில வச்சா, மேல குங்குமம் வச்சா. சந்தனத் தண்ணி கண்ணாடியில வழிஞ்சு, கீழ பிரேமுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல சொட்டு சொட்டா உள்ள எறங்குச்சு. காகிதம் அதைக் குடிச்சுக்கிட்டே இருக்கு. வாராவாரம் இதேதான் நடந்திருக்கு!

மாரிக்கனிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்துச்சோ. "நிறுத்தும்மா! என் உசுரைக் குடுத்து ஒட்டி வச்சிருக்கேன், நீ தண்ணிய ஊத்துற! அது சாமி இல்லம்மா! அக்கா!"ன்னு கத்திட்டா.

குருவம்மா திரும்பவே இல்ல. கிண்ணத்தைக் கையில பிடிச்சபடியே சொன்னா, "எனக்குத் தெரியாதாத்தா? பெத்தவ நான். சாமிக்குப் பொட்டு வைக்க ஊரே இருக்கு. இவளுக்கு யாரு இருக்கா? தினம் காலைல வேலைக்குப் போறப்ப என்கிட்ட வந்து நெத்தியைக் காட்டிட்டுத்தான் போவா. வாரத்துக்கு ஒரு நாளாவது வச்சுட்டுப் போறேனே."

கேட்டியா தேனு?

"ம்."

வைக்காதன்னா அம்மா செத்துருவா. வச்சா படம் போயிரும். அப்போ அவ படத்தை இறக்கி மடியில வச்சுக்கிட்டு உக்காந்தா. பிரேமைக் கழட்டி, படத்தை எடுத்து நிழல்ல காயப்போட்டா. ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி, கண்ணாடியும் மரமும் சேர்ற சந்து பூரா, சுத்திச் சுத்தி, சொட்டுச் சொட்டா ஊத்துனா. விரல்லயும் விழுந்துச்சு, சுர்ருன்னுச்சு, விடல. அப்புறம் படத்துக்குப் பதிலா ஒரு பழைய பேப்பரை உள்ள வச்சுட்டு, ஒரு சொம்புத் தண்ணியைக் கண்ணாடி மேல மடமடன்னு ஊத்துனா. திறந்து பாத்தா பேப்பர் காஞ்சபடியே இருக்கு! அப்புறம்தான் படத்தை உள்ள வச்சு மூடுனா. பழுப்புக் கோடு போகல, அது போகாது. ஆனா நாடிக்குக் கீழயே நின்னுருச்சு. மச்சம் பத்திரமா இருந்துச்சு.

"இந்தாம்மா. இனிமே நீ கொடத்தோட ஊத்துனாலும் அவளுக்கு ஒண்ணும் ஆகாது. வச்சுக்கோ"ன்னு படத்தை அம்மா கையில குடுத்தா. குடுத்துட்டு, "செத்த நேரம் சாயுறேன், வெளக்கேத்துறப்ப எழுப்பு"ன்னு சொல்லி, வெறுந்தரையில அப்படியே சாஞ்சா. சாஞ்சதும் தூங்கிட்டா. கொர்ர்ர், கொர்ர்ர்.

குருவம்மா படத்தை மாட்டிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கிட்டு, மகளை எழுப்பலாம்னு குனிஞ்சா. குனிஞ்சவ அப்படியே நின்னுட்டா. சின்னவளுக்குக் காதோரம் நரைச்சிருந்துச்சு. கண்ணு ரெண்டும் குழிஞ்சு கெடந்துச்சு. விரல் நகம் கறுத்து, மெழுகு சுட்டுக் கொப்புளிச்சிருந்துச்சு. இவளுக்கு எப்ப நரைச்சுது? இத்தனை நாளா இதே வீட்டுலதான இருந்தா, இவ மூஞ்சிய நான் எப்பப் பாத்தேன்னு குருவம்மா தன்னையே கேட்டுக்கிட்டா. செவத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேனேன்னு இருந்துச்சு.

அப்போ அவ கிண்ணத்தைக் கீழ வச்சுட்டா. மெல்ல உக்காந்து, மகள் தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா. வெளக்கேத்துற நேரம் வந்துச்சு, போச்சு. செவனம்மா வாசல்ல வந்து, "என்னக்கா, வெள்ளிக்கிழமை அதுவுமா வீடு இருட்டாக் கெடக்கு?"ன்னு கேட்டா.

"சத்தம் போடாத"ன்னா குருவம்மா. "எம்மக தூங்குறா."

"..."

தேனு? ஏ தேனு?

ம். கதை படுத்துருச்சு, கண்ணு. நீயும் தூங்கு.