தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

ஆங்கிலத்தில் ‘ரிட்டர்ன்’ என்று ஒரு வினைச்சொல். எட்டாம் வகுப்புக்கு வருஷாவருஷம் நடத்துகிறேன். திரும்பி வந்தாலும் அதுதான், திருப்பிக் கொடுத்தாலும் அதுதான். உதாரணம் கேட்டால் பிள்ளைகள் குடை, குடம், நூலகப் புத்தகம் என்று அடுக்குவார்கள். ஒரு வருஷம் ஒருத்தி எழுந்து, மனுஷரைத் திருப்பிக் கொடுக்கலாமா டீச்சர் என்று கேட்டாள். அதற்குப் பதிலாக இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் வயிறு எரிகிறது, ஆனாலும் சொல்கிறேன். முடிவில் கேள்வி உண்டு. யாரும் நழுவக் கூடாது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிறக்கிற பிள்ளை தங்காமல் போய்க்கொண்டே இருந்தால், அடுத்துப் பிறந்ததை அக்கம்பக்கத்தில் ஒருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். ஒன்றுக்கும் உதவாத பிள்ளை போலிருக்கிறது என்று எமன் ஏமாந்து போவானாம். விற்பனை பேருக்குத்தான். அன்றைக்குச் சாயங்காலமே பெற்றவள் தூக்கிக்கொண்டு போய் வளர்ப்பாள்.

ஆவுடைத்தாய்க்கு இரண்டு பிள்ளைகள் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவது பெண். எதிர்வீட்டுக் குருவம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். குருவம்மாளுக்குப் பிள்ளை கிடையாது. ஒரு சுளகு தவிட்டைப் போட்டு வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் ஆவுடைத்தாய் வந்தாள், ஆனால் பிள்ளையைத் தொடவில்லை. என் கை ராசியில்லாத கை, தொட்டால் இதுவும் போய்விடும், கால் ஊன்றுகிறவரைக்கும் உங்களிடமே இருக்கட்டும் என்று அழுதாள். குருவம்மாள் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். “நீ என்னைக்கு வந்து கேட்டாலும் ஒம் பிள்ளைய ஒங்கிட்டயே குடுத்துருவேன்.”

பிள்ளைக்குத் தவிட்டம்மாள் என்றே பெயர் வைத்தார்கள். அதற்கு அம்மை போட்டபோது ஆவுடைத்தாய் வேப்பிலையோடு தெருவில் நின்று அழுதாள், வாசற்படி ஏறவில்லை. மகளே என்று வாய்தவறிக்கூடக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் எமன் காதில் விழுந்துவிடுமாம். அந்தப் பயம் உண்மையான பயம், நான் சத்தியம் பண்ணுவேன். அப்புறம் அவளுக்கு மகன் பிறந்தான், சீனிராஜ். அவன் தங்கினான். எதிர்வீட்டுப் பெண் கால் ஊன்றியது, ஓடியது, பள்ளிக்கூடம் போனது, டவுனில் நர்ஸ் படிப்பிலும் சேர்ந்தது. ஆவுடைத்தாய் கேட்கவே இல்லை. அதில் எத்தனை பங்கு பயம், எத்தனை பங்கு மறதி என்று அவளுக்குத்தான் வெளிச்சம்.

சீனிராஜ் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். பெண் வீட்டார் ஒரு நிபந்தனை போட்டார்கள். அவர்கள் வீட்டில் ஒரு மகன், வயது முப்பத்தைந்துக்கு மேல், எங்கேயும் அமையவில்லை. நீங்கள் ஒரு பெண்ணைக் கொடுத்தால் நாங்கள் ஒரு பெண்ணைக் கொடுக்கிறோம் என்றார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது நம் ஊரில் புதிதா? கத்தரிக்காய் கொடுத்து வெண்டைக்காய் வாங்குகிற மாதிரி கூசாமல் பேசுவார்கள். கொடுக்க நம்மிடம் பெண் ஏது என்று சீனிராஜின் அப்பா கைவிரித்தார். அப்போதுதான் ஆவுடைத்தாய்க்கு எதிர்வீடு கண்ணில் பட்டது.

ஒரு சுளகு தவிட்டோடு தெருவைத் தாண்டிப் போனாள். வந்த காரியத்தை ஒளிக்கவும் இல்லை. மகன் கல்யாணம், மாற்றுப் பெண், எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சுளகைப் படியில் வைத்தாள்.

“தவிட்டைத் திருப்பிக் குடுத்துட்டேன்க்கா. எம் பிள்ளையத் திருப்பிக் குடுங்க.”

குருவம்மாள் சுளகை அவள் பக்கமே தள்ளிவிட்டாள். “அந்தத் தவிட்டைத் தின்ன மாடே செத்துப்போச்சு. எதைடி திருப்பிக் குடுக்க வந்திருக்க? நான் தர மாட்டேன்.”

சத்தியம் பண்ணினீர்களே என்றாள் ஆவுடைத்தாய். ஆமாம், பண்ணினேன், அந்தப் பாவம் என் தலையோடு போகட்டும் என்றாள் குருவம்மாள். தெரு கூடிவிட்டது. பெற்றவள் கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும் என்றது ஒரு கூட்டம். வளர்த்தவள் வயிற்றில் அடிக்கலாமா என்றது இன்னொன்று. படிக்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று அத்தனை பேரில் ஒருவருக்காவது தோன்றியதா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

விடுமுறைக்கு வந்திருந்த தவிட்டம்மாள் உள்ளேயிருந்து துணிப்பையோடு வந்தாள்.

“அம்மா, எனக்காக நீங்க சொன்ன சொல்லு தவற வேண்டாம். நான் போறேன்.”

தெருவைத் தாண்டி ஆவுடைத்தாய் வீட்டுக்குள் போய்விட்டாள்.

வாக்கைச் சொல்லிப் பிள்ளையைக் கேட்டாள் ஒருத்தி. வாக்கை மீறி மறுத்தாள் ஒருத்தி. யாரும் கேட்காமலே எழுந்து போனாள் ஒருத்தி. சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: போனவள் செய்ததே சரி. குருவம்மாளின் பாசத்தில் குறையில்லை, ஆனால் சத்தியம் சத்தியம்தான், அதை மீற அவளுக்கு உரிமையில்லை. ஆவுடைத்தாய்க்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் கேட்டது மகளையா, மகனுக்கு ஈடாகக் கொடுக்க ஒரு பெண்ணையா? அங்கே போய் மகளாக இருந்து பார்த்தால்தான் அது தெரியும். தவிட்டம்மாள் இருந்து பார்த்தாள். கல்யாணத்தை உறுதி செய்ய வந்த பெண் வீட்டார் முன்னால், “நான் இந்த வீட்டுப் பொண்ணுதான். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம், படிப்பை முடிக்கணும்” என்றாள். அவர்கள் எழுந்து போனார்கள். அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் ஆவுடைத்தாய் துணிப்பையைத் தெருவில் எறிந்தாள். தவிட்டுக்குப் போனது தவிட்டுக்காரி வீட்டிலேயே கிடக்கட்டும் என்று கத்தினாள். மகளைக் கேட்டு வந்தவள் செய்கிற காரியமா இது? தவிட்டம்மாள் பையை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு வந்தாள். குருவம்மாள் பையை வாங்கிக்கொண்டு அவளை உள்ளே கூட்டிப் போனாள். வாக்கும் நிறைவேறிவிட்டது. இனி அவளை யாரும் வந்து கேட்க முடியாது.