களிமண் பாகற்காய்

பேசிப் பேசித் தொண்டை கிழிந்த பிறகுதான் சூசை பாடம் கற்க வந்தார்.

சந்தை வாசலில் சுமைதூக்கிகளுக்காக முப்பது வருடம் கூட்டம் போட்டவர். சங்கம் இரண்டாக உடைந்தது. துண்டறிக்கைக் கட்டுகளை எலி தின்றது. பெரியவர்களை நம்பிக் கெட்டது போதும், சிறுசுகளிடமிருந்து தொடங்கலாம் என்று மரகதம் டீச்சரின் மழலைப் பள்ளியில் வந்து சேர்ந்தார். டீச்சர் அவரைவிட வயதில் மிகச் சிறியவர். தோழர் என்றே அவரைக் கூப்பிடுவார். பிள்ளைகள் தாத்தா என்றார்கள். அது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

பள்ளி என்பது சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறை. அந்த அறை, சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த பரமகுருவுடையது. தர்மத்துக்கு விட்டிருந்தார். அவ்வப்போது வந்து பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு போவார். அன்றும் வருவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் சந்தை வாரம். பிள்ளைகள் களிமண் பிசைந்து கத்திரிக்காயும் வெண்டைக்காயும் செய்து சாயம் பூசியிருந்தார்கள். கொட்டாங்கச்சியில் தராசு கட்டியிருந்தார்கள். காலையில் சாக்கு விரித்துக் கடை போட்டதும், யூனுஸ் என்ற வாண்டு ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவன்தான் குத்தகைக்காரரின் ஆளாம். நிஜச் சந்தையில் தொப்பி போட்ட அந்த ஆள் தினமும் கூடைக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு போவான். யாரும் வாய் திறப்பதில்லை.

யூனுஸும் அள்ளினான். பிள்ளைகள் கேட்காமலே கொடுத்தார்கள். ஒருத்தி மேலே கொஞ்சம் கொத்தமல்லியும் வைத்தாள், அவள் அம்மா வைப்பதுபோலவே.

சூசை குறுக்கே வந்தார். கடைகளை நிறுத்தச் சொன்னார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கை உயர்த்தக் கற்றுக்கொடுத்தார். "தரமாட்டோம், தரமாட்டோம்" என்று அறை அதிர்ந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இப்ப வாடா யூனுஸ்" என்றார்.

யூனுஸ் வந்தான். பிள்ளைகள் "தரமாட்டோம், தரமாட்டோம்" என்று ராகம் போட்டுப் பாடிக்கொண்டே ஆளுக்கொரு காயை எடுத்துக் கொடுத்தார்கள்.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரிங்க. முப்பது வருஷமா எனக்கும் இதுதான் நடந்துச்சு. வேற எப்படித்தான் சொல்லிக்குடுக்கிறது, டீச்சர்?"

டீச்சர் எழுந்தார். யூனுஸின் தொப்பியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். முதல் கடையில் ஒரு கை அள்ளினார். கொடுத்தார்கள். திரும்பி வந்து மறுபடி அள்ளினார். அதற்கும் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். பிறகு கூடையை எடுத்தார். தராசை எடுத்தார். உட்கார்ந்திருந்த சாக்கையும் உருவினார். சிரிப்பு அடங்கியது.

கடைசியாகத் தில்லையின் கடை. கீரைக்காரி மகள். அவளிடம் மிச்சம் இருந்தது ஒரு பாகற்காய். முதல் நாள் முழுக்க உட்கார்ந்து ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி, ஒவ்வொரு முள்ளாக எழுப்பியிருந்தாள். டீச்சர் அதில் கை வைத்தார்.

தில்லை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நான் பண்ணுனது."

டீச்சர் இழுத்தார். அவள் விடவில்லை. யூனுஸ் ஓடிவந்து டீச்சரின் முந்தானையைப் பற்றினான். அப்புறம் எல்லோரும் பற்றினார்கள். கோஷம் யாருக்கும் ஞாபகம் இல்லை.

வாசலில் பரமகுரு நின்றிருந்தார். படம் பிடிக்க ஒரு ஆளும் கூட இருந்தான். என்ன விளையாட்டு இது என்று கேட்டார். சந்தை வாரம், பிள்ளைகள் கையால் செய்து கற்றுக்கொள்கிறார்கள் என்றார் டீச்சர். தொப்பியைக் கழற்றவில்லை. கழற்றுங்கள் என்று சூசை கண்ணால் கெஞ்சினார். வாழ்நாளில் அவர் குத்தகைக்காரர் முன்னால் கெஞ்சியது அன்றுதான்.

பரமகுரு சிரித்துச் சமாளித்தார். பெரியவங்க கேட்டா கொடுக்கணும் கண்ணு என்று குனிந்து, தில்லையிடம் தானே கையை நீட்டினார்.

தில்லை பாகற்காயை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இல்ல."

நீட்டிய கை அப்படியே நின்றது. படம் பிடிக்க வந்தவன் வேறு பக்கம் பார்த்தான். பரமகுரு நிமிர்ந்தார். வெங்காய மூட்டை அடுக்க இடம் வேண்டியிருக்கிறது, சாயங்காலத்துக்குள் அறையைக் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் தொப்பியை எடுத்துவிட்டுத் தராசுகளை மடியில் சேர்க்கத் தொடங்கினார்.

"ரெண்டு நிமிஷம் அதைக் கழட்டி வச்சிருக்கலாம்" என்றார் சூசை. "நாளைக்கு இதுங்களை எங்க உக்கார வைப்பீங்க?"

"வெளியில. கடைங்களுக்கு நடுவுல."

"அஞ்சு வயசு, டீச்சர். இதுங்களுக்கு என்ன புரிஞ்சிருக்கும்?"

"அவருக்குப் புரிஞ்சிடுச்சே, தோழர்."