சொன்னதெல்லாம் உள்ள பல்லக்கு

பல்லக்கு பார்த்திருப்பீர்கள். கூவலூர் ஜமீன்தார் செய்யச் சொன்ன பல்லக்கு மாதிரி பார்த்திருக்க மாட்டீர்கள்.

சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் போய் அசத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. தச்சர் மாசாணத்தை வரவழைத்தார். உள்ளே சுற்றிலும் தன் முகம் தெரியக் கண்ணாடி கேட்டார். மனைவி தேக்கு ஊஞ்சல் கேட்டார். மைத்துனர் கூரைமேல் வெண்கலச் சிங்கம் கேட்டார். மாமியார் வெற்றிலை இடிக்க உரல் கேட்டார்.

"ஒண்ணு குறைஞ்சாலும் உன் கை இருக்காது!" என்றார் ஜமீன்தார்.

"தூக்குறவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடட்டுமா, சாமி?"

"தூக்குறவனுக்கு என்னடா அபிப்பிராயம்? நாங்க சொன்னதைச் செய்!"

"சரிங்க சாமி. சொன்னதெல்லாம் இருக்கும். சொல்லாதது ஒண்ணும் இருக்காது."

கல்யாணத்தன்று ஊரே பார்க்க ஜமீன்தார் ஏறி உட்கார்ந்தார். ஆட்கள் தோள் கொடுத்தார்கள். பல்லக்கு அசையவில்லை. இன்னும் ஆட்கள் வந்தார்கள். அசையவில்லை. மேளக்காரர்கள் வாசித்ததையே திரும்ப வாசித்தார்கள்.

"டேய் மாசாணம்! ஏன்டா இது நகரல?" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

"கண்ணாடி சொன்னீங்க, ஊஞ்சல் சொன்னீங்க, சிங்கம், உரல் எல்லாம் சொன்னீங்க. நகரணும்னு யாரும் சொல்லலையே, சாமி."

வெளியே கூட்டம் சிரித்தது. ஜமீன்தார் முகத்தைத் திருப்பினார். அந்தப் பக்கமும் அவர் முகம்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே முகம், சிவந்துபோய். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே கதவைத் திறந்து, தூக்குகிறவர்களில் மூத்தவரான வெயிலுமுத்துவிடம் மெல்லக் கேட்டார்:

"உங்களுக்கு என்னப்பா வேணும்?"

வெயிலுமுத்து தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"மொதல்ல நீங்க எறங்கணும், சாமி."